கெர்பாவ் சாலையில் ஓர் அமெரிக்க வகுப்பு

அமெரிக்காவில் ஒருத்தர் ‘ஹவ் ஆர் யூ’ என்று கேட்டால் அது கேள்வியே இல்லை. இதை ஐந்து பிள்ளைகளுக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. “நேத்து எனக்கு வாந்தின்னு சொன்னா என்ன தப்பு? அவங்கதானே கேட்டாங்க?” என்று மடக்கினான் அகிலன். ஒன்பது வயது, வாய் மட்டும் தொண்ணூறு. “தப்பே இல்லடா. ஆனா நீ வாந்தின்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவங்க அடுத்த தெருவுக்குப் போயிருப்பாங்க” என்றேன். அவனுக்கு அது அநியாயமாகப் பட்டது. எனக்கும் அங்கே போன புதிதில் அப்படித்தான் இருந்தது.

ஞாயிறு மாலைகளில் இதுதான் என் வேலை. கெர்பாவ் சாலையில் ஒரு கடைவீட்டு மாடியில் சேவியர் அண்ணன் துணைப்பாட நிலையம் நடத்துகிறார். அதன் பின்னறையை எனக்குக் கொடுத்திருந்தார். ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் நாலு குடும்பங்கள். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் சிங்கப்பூருக்கு வந்து ஆறேழு மாதம்தான் ஆகிறது, அதற்குள் ஜூனில் அமெரிக்காவுக்குக் கிளம்பு என்று உத்தரவு. நான் ஒஹாயோவில் ஏழு வருஷம் குப்பை கொட்டிவிட்டுப் போன டிசம்பரில்தான் சொந்த ஊரான சிங்கப்பூருக்குத் திரும்பியவள். “அங்க போய் எங்க பிள்ளைங்க பேந்தப் பேந்த முழிக்கக் கூடாது தாரணி, நீங்கதான் சொல்லித்தரணும்” என்று பிடித்துக்கொண்டார்கள்.

சொல்லித்தந்தேன். மஞ்சள் பஸ் சிவப்பு விளக்கைப் போட்டு நின்றால் தெருவே நிற்கும். ‘ஒருநாள் எங்க வீட்டுக்கு வாங்க’ என்றால் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது, அது சும்மா வாய்வார்த்தை. பிறந்தநாள் பரிசை எல்லார் எதிரிலும் பிரித்து, பிடிக்காவிட்டாலும் பிடித்த மாதிரி வாயைப் பிளக்க வேண்டும். என் மகள் நிவேதிதாவும் கூடவே உட்கார்ந்திருப்பாள். பத்து வயது. மூன்று வயதில் அங்கே போய் அங்கேயே பள்ளிக்கூடம் படித்தவள் என்பதால் நான் சொல்வதில் பாதியை அவள்தான் திருத்துவாள். பிள்ளைகளுக்கு என்னைவிட அவள்மேல்தான் நம்பிக்கை.

ஒன்றை மட்டும் நான் சொல்லித்தரவில்லை. முதல் வகுப்பன்றே பாக்கியலட்சுமி என்னைப் படிக்கட்டுப் பக்கம் ஒதுக்கிக் கூட்டிப்போய், “அந்தத் துப்பாக்கி சமாச்சாரம் மட்டும் வேண்டாம் தாரணி. ஸ்ரீநாத் ராத்திரியெல்லாம் தூங்க மாட்டான்” என்றாள். ஸ்ரீநாத் அவள் மகன், ஆறு வயது, வகுப்பிலேயே சின்னவன். நான் உடனே தலையாட்டினேன். அவளுக்காக இல்லை, எனக்காகத்தான். 

போன வருஷம் ஒருநாள் நிவியின் பள்ளிக்கூடத்தில் நிஜமாகவே கதவுகளை எல்லாம் பூட்டிவிட்டார்கள். துப்பாக்கியோடு ஒருவன் உள்ளே வந்திருக்கிறான் என்று தகவல். வேலிக்கு வெளியே மற்ற அம்மாக்களோடு நானும் நின்றேன். கடைசியில் ஒன்றுமில்லை, எவனோ பொய்யாகப் போன் பண்ணியிருக்கிறான் என்று சொல்லிப் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். அவர்களுக்கு ஒன்றுமில்லை. எனக்கு அதற்கப்புறம் அந்த ஊரில் சாப்பாடு இறங்கவில்லை. ஏன் திரும்பி வந்தீர்கள் என்று கேட்கிறவர்களிடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டுக்காரருக்கு நல்ல வேலை கிடைத்தது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வேன். உண்மை இதுதான். நிவி அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. குழந்தைதானே, மறந்துவிட்டாள் என்று இருந்துவிட்டேன்.

அன்றைக்குப் பிப்ரவரி பதினைந்து. பாடத்தின் நடுவில் பிள்ளைகள் பசி என்று ஆரம்பித்தார்கள். “கதவச் சாத்திக்கிட்டு ஒழுங்கா இருங்க. நிவி அக்கா சொல்றதக் கேளுங்க” என்று சொல்லிவிட்டு வடை வாங்கக் கீழே இறங்கினேன்.

ஞாயிறு சாயங்காலம் பக்கத்துத் தேக்கா சந்தையைச் சுற்றி நடக்க வேண்டுமானால் கால் போதாது, தோளும் வேண்டும். கட்டுமான வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்திருக்கும் தம்பிகளுக்கு அன்று ஒருநாள்தான் ஓய்வு. நடைபாதை முழுக்க அவர்கள்தான். வடைக்கடையிலும் நல்ல வரிசை. நான் நின்றுகொண்டிருந்தபோது சைரன் ஊதியது.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது ஒரு சத்தமே இல்லை. ஜப்பான்காரனிடம் சிங்கப்பூர் விழுந்த நாள் அது. அதை மறந்துவிடக் கூடாது என்று வருஷா வருஷம் அதே தேதியில் ஊர் முழுக்க ஊதுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து கேட்டுக் கேட்டு எனக்குக் காது மரத்துப்போய்விட்டது. வடை போடுகிறவர் கரண்டியைக்கூட நிறுத்தவில்லை. “அட, இன்னிக்குப் பதினஞ்சு லா” என்றார், அவ்வளவுதான். கூட்டம் நகர்ந்தபடி இருந்தது. அரசாங்க எச்சரிக்கை வந்து என் கைப்பேசியும் கூடச் சேர்ந்து கத்தியது, அதன் வாயை அடைத்தேன். வடையையும் சட்னியையும் வாங்கிக்கொண்டு சாவகாசமாக நடந்தேன். உறைக்கவே இல்லை எனக்கு. அறிவு கெட்டவள்.

மாடிப்படி ஏறும்போதுதான் காதில் பட்டது. காதில் எதுவுமே படவில்லை என்பதுதான் பட்டது. ஐந்து பிள்ளைகளும் நிவியும் இருக்கிற அறை, கீழே மிட்டாய்க்கடை வரைக்கும் கேட்கும்படி கூச்சல் போடுகிறவர்கள், மூச்சுப் பேச்சில்லை. கதவுக்கடியில் வெளிச்சம் இல்லை. கைப்பிடியைத் திருகினேன், அசையவில்லை. “நிவி” என்று கூப்பிட்டேன். பதிலில்லை.

பிள்ளைகளை யாரோ கொண்டுபோய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.  நாலு வீட்டுப் பிள்ளைகள், என்னை நம்பி விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், நான் வடைக்கு வரிசையில் நின்றிருக்கிறேன். கதவின் மேற்பாதியில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. எட்டிப் பார்க்கலாம் என்று முகத்தைக் கொண்டுபோனால், உள்ளே இருந்து அதை ஏதோ தாள் வைத்து அடைத்திருந்தார்கள். போன வாரம் நான் வரைந்த பள்ளிக்கூட பஸ். தாளின் பின்பக்கத்தில் மஞ்சள் கசிந்து தெரிந்தது.

பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. விளக்கை அணை. கதவைத் தாழிடு. கண்ணாடியை மூடு. மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடு. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில் போய் உட்கார். சத்தம் காட்டாதே. அமெரிக்காவில் பால்வாடி முடித்த குழந்தைக்குக்கூட இது மனப்பாடம். நான் சொல்லித்தராததை இவர்களுக்கு யாரோ சொல்லித்தந்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, என் மகள்தான்.

“நிவி, அம்மாடி. கதவத் திற. அது சும்மா ஊதுற சைரன்.” என் குரல் நடுங்குவது எனக்கே கேட்டது. உள்ளே ஒரு நாற்காலிகூட நகரவில்லை. “நிவேதிதா, விளையாடாத. திறன்னா திற.” அதற்கும் ஒன்றுமில்லை. பலமாகத் தட்டினேன். தட்டத் தட்ட உள்ளே இன்னும் அடங்கிப்போன மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. “திறடி தங்கம், ப்ளீஸ்டி” என்று அழுதேன்.

அழும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. ஒஹாயோவில் பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஓர் ஆசிரியை சிரித்த முகமாகச் சொன்னாள். தெரிந்தவர் கூப்பிட்டாலும் பிள்ளைகள் கதவைத் திறக்கக் கூடாது, டீச்சரானாலும் சரி, அம்மாவானாலும் சரி, பின்னால் ஒருவன் துப்பாக்கியை வைத்துக் கூப்பிடச் சொல்லியிருக்கலாம் என்று. எனக்கு முதுகு கூசியது. யாருமில்லை என்று தெரிந்தும் திரும்பிப் பார்த்தேன். உள்ளே இருக்கிறவளுக்கு இப்போது என் பின்னால் ஒருவன் நிற்கிறான். நான் எவ்வளவு பயந்து கூப்பிடுகிறேனோ அவ்வளவுக்கு அவன் அவளுக்கு நிஜமாகிறான். வாயை மூடிக்கொண்டேன்.

அப்போது உள்ளே யாரோ இருமினார்கள். சின்ன இருமல். பாதியிலேயே நின்றுவிட்டது. தானாக நிற்கவில்லை, யாரோ வாயைப் பொத்திவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பாக்கியலட்சுமி படியேறி வந்தாள், மகனைக் கூட்டிப்போக. “என்ன தாரணி, கரண்டு போயிருச்சா?” என்று சிரித்தவள் என் முகத்தைப் பார்த்ததும் நின்றாள். மறுபடி அந்த இருமல், மறுபடி அதே மாதிரி அமுங்கியது. “அது ஸ்ரீநாத்து. அவனுக்கு இழுப்பு இருக்குல்ல. பயந்தான்னா உடனே வந்துரும்” என்றபடி கைப்பைக்குள் துழாவினாள். இன்ஹேலர் அவள் கையில் இருந்தது. பிள்ளை கதவுக்கு அந்தப் பக்கம். “ஸ்ரீநாத், அம்மா வந்திருக்கேன்டா” என்று கதவை அறைந்தாள். உள்ளே யாரோ எழுந்திருக்கப் பார்த்து, யாரோ பிடித்து உட்காரவைத்த சத்தம். பிறகு மூச்சு மட்டும் கேட்டது, கீச்சுக் கீச்சென்று.

சேவியர் அண்ணன் சாவிக்கொத்தோடு ஓடி வந்தார். பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. “உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கு லா. தள்ளிக்குங்க, ஒடைச்சிருவோம்” என்று சொல்லிக்கொண்டே தோளால் ஓர் இடி இடித்தார். உள்ளே ஒரு குழந்தை வீல் என்று கத்த ஆரம்பித்து, கத்தலை விழுங்கிக்கொண்டது. அந்தச் சத்தத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

“அண்ணே, வேண்டாம்ணே. மேசை அந்தப் பக்கம் சாய்ஞ்சா யார் மேல விழுமோ” என்று அவர் கையைப் பிடித்தேன். பாக்கியலட்சுமி என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். “என்னத்தச் சொல்லித்தந்தீங்க எம் பிள்ளைக்கு? வேண்டாம்னுதானே சொன்னேன்?”

“நான் சொல்லித்தரல பாக்கியம்.”

“பின்ன யாரு?”

 “கொஞ்சம் பொறுங்க. நான் பேசிப் பாக்குறேன். திறக்கலன்னா அண்ணன் ஒடைக்கட்டும்” என்று தரையில் உட்கார்ந்தேன். கதவின் இடுக்கில் வாயை வைத்தேன். அமெரிக்கா தெரியாத பிள்ளைகளுக்கு வாராவாரம் தொண்டை வறள அமெரிக்காவைச் சொல்லித்தந்தேனே, சிங்கப்பூர் தெரியாத என் மகளுக்கு என்ன சொல்லித்தந்தேன்? இங்கே பிறந்தவள், இந்த ஊர் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவள், தானாக வந்துவிடும் என்று விட்டுவிட்டேன். எங்கள் வீட்டுப் பக்கத்துச் சுவா சூ காங் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது அட்டையை எங்கே தட்டுவது, எந்தப் பக்கம் நிற்பது, இதைத் தவிர அவளுக்கு நான் ஒரு எழவும் சொல்லவில்லை.

பயத்தை விழுங்கிக்கொண்டு, வகுப்பில் பேசுகிற குரலை வரவழைத்தேன்.

“நிவி, பதில் சொல்ல வேண்டாம். நீ செய்யறது சரிதான். சும்மா கேட்டுக்கிட்டு மட்டும் இரு. முதல்ல ஸ்ரீநாத் வாய்லேர்ந்து கைய எடு. அவன் நல்லா இருமட்டும். கெட்டவன் யாராச்சும் இங்க இருந்தாலும் நீங்க உள்ள இருக்கிறது அவனுக்கு ஏற்கெனவே தெரியும். நாங்க எவ்வளவு நேரமா தட்டிக்கிட்டிருக்கோம். இனிமே வாயப் பொத்தி என்ன பிரயோசனம்?”

ஒன்றும் நடக்கவில்லை. பாக்கியலட்சுமியின் மூச்சு என் கழுத்தில் அடித்தது. பிறகு இருமல் வெடித்தது, தொடர்ந்து, அடக்கப்படாமல். பாக்கியலட்சுமி சுவரில் சாய்ந்து அப்படியே கீழே சரிந்து உட்கார்ந்தாள். அந்த இருமலின் நடுவில் இழுப்பும் தெளிவாகக் கேட்டது.

“சரி, இப்ப இதக் கேளு. இந்த ஊர்ல வருஷத்துல ஒருநாள் இப்படி ஊதுவாங்க. முந்தி இங்க ஒரு சண்டை நடந்துச்சு, ஊர் தோத்துப்போச்சு. அத நெனச்சுக்கறதுக்கு ஊதுறாங்க. யாரும் ஒளிய மாட்டாங்க. வடை சுடுறவரு வடை சுட்டுக்கிட்டிருப்பாரு. சின்னப் பிள்ளையிலேர்ந்து எனக்குத் தெரியும், உனக்குத்தான் தெரியாது. நான் சொல்லியிருக்கணும், சொல்லல. என் குரல் நடுங்குதுன்னு யோசிக்காத. எம் பின்னாடி பாக்கியம் ஆண்ட்டியும் சேவியர் மாமாவும்தான் இருக்காங்க. ஸ்ரீநாத்துக்கு மூச்சு முட்டுதேன்னுதான் நடுங்குது.”

உள்ளே இருமல் மட்டும்தான்.

“என்ன நம்ப வேண்டாம். நம்பக் கூடாதுன்னுதானே சொல்லித்தந்திருக்காங்க. ஜன்னல் பலகையக் கொஞ்சூண்டு தள்ளிக் கீழ பாரு. எவ்வளவு பேர் இருக்காங்க பாரு. அங்க யாராச்சும் ஓடுறாங்களா? ஒருத்தர் ஓடினாக்கூடக் கதவத் திறக்காத.”

சொல்லி முடித்த பிறகுதான் எனக்குப் பகீரென்றது. ஞாயிறு சாயங்காலம் அத்தனை கூட்டம். பஸ்ஸைப் பிடிக்க எவனாவது ஒருத்தன் ஓடினால் போதும். குழந்தை கையை உதறிவிட்டு ஓடினால் போதும். என் வாயை நானே கிழித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஓடாதீங்கப்பா, யாரும் ஓடாதீங்க என்று எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் விட்டுவிட்டு ரோட்டில் போகிறவர்களைக் கும்பிட்டேன்.

வெறுங்காலால் யாரோ நடந்தார்கள். ஜன்னல் பலகை கிறீச்சிட்டது. தெருச் சத்தம் அறைக்குள் வந்து கதவு இடுக்கு வழியாக எனக்கும் கேட்டது. ஒருத்தன் ஊருக்குப் போனில் பேசுகிறான். யாரோ கொத்தமல்லிக் கட்டுக்குப் பேரம் பேசுகிறார்கள். நிவி பார்த்துக்கொண்டே நின்றாள் போலிருக்கிறது. சேவியர் அண்ணன் கதவை நெருங்கித் தோளைத் தயார் பண்ணிக்கொண்டார். “கொஞ்சம் இருங்கண்ணே” என்று அவர் கால்சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

மேசை தரையில் உரசி நகர்ந்தது. பிறகு தாழ்ப்பாள்.

கதவைத் திறந்ததும் அகிலன்தான் முன்னால் நின்றான், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அந்த வாயாடிக்கு வாயே இல்லை. கன்னமெல்லாம் நனைந்திருந்தது. நாற்காலியை இறக்க அவனுக்குத் தெரியவில்லை, சேவியர் அண்ணன்தான் மெதுவாக வாங்கிக் கீழே வைத்தார். மற்ற மூன்று பிள்ளைகளும் மூலையில் ஒருத்தரையொருத்தர் பிடித்தபடி இருந்தார்கள். பாக்கியலட்சுமி எல்லாரையும் தாண்டிப் பாய்ந்து ஸ்ரீநாத்தை மடியில் போட்டு இன்ஹேலரை வாயில் வைத்தாள். “இழு, இழுடா கண்ணு, இன்னொரு தடவ.” அவன் தோள்பட்டை ஏறி ஏறி இறங்கியது. உதட்டில் மெல்ல நிறம் வந்தது. மூச்சு சீரானதும் அவன் வடை வாசனை வருது என்றான். பாக்கியலட்சுமி அவனைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு நிவி மறுபடி ஜன்னல் பக்கம் போய் நின்றிருந்தாள். வலது கையை இடது கையால் மூடியிருந்தாள். பிரித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் ஸ்ரீநாத்தின் பல் வரிசையாகப் பதிந்திருந்தது, இரண்டு இடத்தில் ரத்தம். மூச்சுக்குத் தவித்துக் கடித்திருக்கிறான், இவள் நான் சொல்லும்வரை கையை எடுக்கவில்லை.

பாக்கியலட்சுமி என் மகளைக் கன்னத்தில் அறைவாள் என்று நினைத்தேன். அறைந்தால் வாங்கிக்கொள்ளட்டும் என்றுகூட நினைத்தேன். அவள் எழுந்து வந்து அந்தக் கையை வாங்கிப் பார்த்தாள். “அங்க எல்லா ஸ்கூல்லயும் இப்படியா நிவி?” என்றாள்.

“எல்லா ஸ்கூல்லயும் ட்ரில் இருக்கும் ஆண்ட்டி. அகிலன் கேட்டான், அதான் சொன்னேன். ஸ்ரீநாத் அங்க போனா அவனே கத்துக்குவான். முதல்லதான் கஷ்டமா இருக்கும், அப்புறம் பழகிடும்.”

பாக்கியலட்சுமி அவள் கையை விட்டாள். மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். ஒவ்வொருத்தராக வந்து மற்ற பிள்ளைகளையும் அழைத்துப் போனார்கள். சேவியர் அண்ணன் மருந்துப் பெட்டி எடுத்துவரக் கீழே போனார். நான் குழாயில் நிவியின் கையைக் கழுவிவிட்டேன். எரிந்திருக்கும், ஸ் என்றுகூடச் சொல்லவில்லை.

“ஸாரிம்மா” என்றாள்.

“எதுக்குடி? நீ ஒண்ணும் தப்புப் பண்ணல. எல்லாம் சரியாத்தான் செஞ்ச.”

“இல்ல. நீ அழுதேல்ல, அப்ப நான் எந்திரிச்சுட்டேன். தாழ்ப்பாள்ல கை வெச்சுட்டேன். அகிலன்தான் பிடிச்சு இழுத்தான்.” குழாய்த் தண்ணீரையே பார்த்துக்கொண்டு சொன்னாள். “உள்ள இவங்க அஞ்சு பேரு இருக்காங்க, வெளிய நீ ஒருத்திதான். அது தெரிஞ்சும் எந்திரிச்சுட்டேன்மா.”